கவிதை ஏறிய வலை: கட்டற்ற மென்பொருளும் தமிழ்த்தளம் அமைப்போரும்

தமிழ் இணையத்தின் வரலாறு கவிதையில் தொடங்குகிறது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சிங்கப்பூரின் அப்போதைய குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங், அந்நாட்டுக் கவிதைகளின் தொகுப்பொன்றை இணையத்தில் தொடங்கிவைத்தார். ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மொழிகளோடு தமிழும் அதில் இடம்பெற்றது. தமிழ்ப்பகுதிக்கான எழுத்தையும் முறையையும் அமைத்துத் தந்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதையாளராகவும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளராகவும் விளங்கியவர் அவர். கணினிப் பொறியியல் அவர் கற்ற துறையன்று. தம் எழுத்துமுறைக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய தான் டின் வீ முதலியோர் அவருக்குத் துணைநின்றனர்.

தமிழ் அச்சேறிய வரலாற்றோடு இதனை ஒப்பிடுதல் தகும். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஒரு சமய நூல். தமிழை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் வேற்றுநாட்டுப் பாதிரிமார். அவர்தம் தேவை சமயம் பரப்புதல். இணையத்தில் தமிழை ஏற்றியவரோ தமிழாசிரியர். ஏற்றிய பொருளோ கவிதை. நான்கு நூற்றாண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் நம் இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியேனும் பெறவில்லை என்பது வியப்பே. நா. கோவிந்தசாமி 1999ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய கதைகளைப் பேசுவோர் கணியனைப் பேசுவதில்லை. கணியனைப் பேசுவோர் கதைகளைப் படித்ததில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள். விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் தொலைபேசிக் கம்பிவழி அதனை வழங்கிற்று. ஆக, சிங்கப்பூர்த் தளம் தொடங்கப்பட்டபோது இங்கே இணையத்துக்கு வயது இரண்டு மாதம். அடுத்த சில ஆண்டுகளில் வலைத்தளம் அமைத்துத் தருதல் ஒரு தொழிலாயிற்று. நிறுவனம் எதிலும் சேராது, தனியாளாய் இருந்து, வருகின்ற வாடிக்கையாளர்க்குத் தளம் கட்டித்தரும் கைவினைஞர் ஒருவர் ஊர்தோறும் தோன்றினார். அச்சகத்தாரும் பெயர்ப்பலகை எழுதுவோரும் இருந்த தெருவில் அவரும் ஒருவரானார். இக்கட்டுரை அவர் கையிலிருந்த கருவிகளின் வரலாறு. கருவி பூட்டியதா, திறந்ததா என்பதைப் பொறுத்தே அவர் தளத்தில் ஏற்றிய தமிழ் நிலைத்தது அல்லது அழிந்தது.

எழுத்துரு என்னும் பூட்டு

அக்காலக் கணினியில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்த இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் அடக்க வேண்டும். உயிர்மெய்களைக் கொம்பு, கால், விசிறி எனத் துண்டாக்கி அடுக்கினால் ஒருவாறு அடங்கும். அடுக்குவதில் ஒருவர்க்கொருவர் வேறுபட்டனர் என்பதே சிக்கல். ஒருவர் எழுத்துருவில் 'க' இருந்த இடத்தில் மற்றொருவர் 'ழ' வைத்தார். எழுத்துருவை மாற்றினால் கவிதை முழுவதும் பொருளற்ற குறிகளாயிற்று. ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தால் அரித்த இடம் போக எஞ்சியது மிஞ்சும். இங்கே அரிப்பே இல்லை; ஆயினும் ஓரெழுத்தும் படிக்க இயலாது.

எழுத்துரு விற்போர் தத்தம் அடுக்குமுறையைத் தொழில் இரகசியமாகக் கொண்டனர். தளம் அமைத்தவர் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டார். 'எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்க' என்று முகப்பில் எழுதிவைத்தல் ஒன்று. பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கிவரும் 'இயங்கு எழுத்துரு' என்னும் ஏற்பாடு மற்றொன்று. பின்னதிலும் மைக்ரோசாஃப்டின் உலாவிக்கு ஒரு முறை, நெட்ஸ்கேப்பின் உலாவிக்கு வேறொரு முறை. இரண்டு முறைகளும் இன்று வழக்கிழந்தன. அவற்றை நம்பிக் கட்டிய தளங்களின் கோப்புகள் எவரிடமேனும் எஞ்சியிருந்தாலும், உரிய எழுத்துரு கிடைக்காதவரை அவை ஊமைகளே. தேடுபொறிகளுக்கும் அப்பக்கங்கள் தமிழாகத் தெரியவில்லை. எழுதியவர் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினாலும் அவருடைய பக்கம் அகப்படாது.

இதனை மீறி எழுந்த முயற்சிகள் பெரும்பாலும் தனியாட்கள் செய்தவை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி விலையின்றிப் பரப்பினார். ஆஸ்திரேலியாவில் இருந்த பாலா பிள்ளை தொடங்கிய தமிழ் இணையம் என்னும் மின்னஞ்சல் குழுவில் இவர்கள் கூடி, எல்லார்க்கும் பொதுவான ஓர் அடுக்குமுறையை வாதிட்டு வகுத்தனர். 'திஸ்கி' என்று அது பெயர்பெற்றது. அதன் அட்டவணை வெளிப்படையாக வைக்கப்பட்டது. எவரும் எடுத்து எழுத்துரு செய்யலாம். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு 'தாம்', 'தாப்' என்னும் குறியீட்டு முறைகளையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை நல்ல பணி, இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அரசு ஒரு தரத்தையும் ஆர்வலர் வேறொரு தரத்தையும் கொண்டமையால், ஒரு மொழிக்கு இரண்டு நெடுங்கணக்குகள் என்ற நிலை சில ஆண்டுகள் நீடித்தது. இரு தரப்பாரும் தமிழின்பால் அன்புடையோரே. தளம் அமைப்பவருக்கோ ஒரே கவிதையை இருமுறை ஏற்ற வேண்டிய தொல்லை.

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, எவரும் இலவசமாகப் பெறுமாறு வைப்பது அதன் நோக்கம். அமெரிக்காவிலிருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனன் உடன்நின்றார். திஸ்கியில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. மாற முடிந்ததற்குக் காரணம், திஸ்கியின் அட்டவணை எல்லார்க்கும் தெரிந்திருந்தமையே. பூட்டிய எழுத்துருவில் அதே நூல்களை ஏற்றியிருந்தால், பூட்டியவர் கடையை மூடிய நாளில் அவ்வுழைப்பும் முடிந்திருக்கும்.

இலவசம் வேறு, விடுதலை வேறு

எழுத்துருவில் கண்ட இவ்வேறுபாடு மென்பொருள் உலகம் முழுவதற்கும் உரியது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், தம் ஆய்வகத்துக்கு வந்த அச்சுப்பொறியில் தாள் சிக்கும்போதெல்லாம் அதனைப் பயனருக்கு அறிவிக்குமாறு நிரலைத் திருத்த விரும்பினார். முந்தைய பொறியில் அவ்வாறு செய்தும் இருந்தார். புதிய பொறியின் மூலநிரலோ அவருக்குத் தரப்படவில்லை. பிறரிடம் சொல்வதில்லை என்று வாக்களித்தோர்க்கு மட்டுமே அது உரியதாயிருந்தது. இச்சிறு நிகழ்ச்சியிலிருந்து 1983ஆம் ஆண்டில் க்னூ திட்டமும், 1989ஆம் ஆண்டில் 'பொதுமக்கள் உரிமம்' எனப்படும் ஜிபிஎல் உரிமமும் பிறந்தன. எந்நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், படியெடுத்து வழங்கலாம், திருத்தியதையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளோடு கடமையும் ஒன்று உண்டு: பிறர்க்கு வழங்குவோர் இதே உரிமைகளையும் உடன் வழங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் ஸ்டால்மன் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிவருகிறார். தமிழில் அத்தொல்லை இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்றதும் பொருள் விளங்கிவிடும். 1998ஆம் ஆண்டில் அங்கே மற்றொரு பெயர் எழுந்தது. அதனைத் தமிழில் 'திறமூலம்' என்றனர். வினைப்பகுதியும் பெயரும் சேர்ந்து நிற்கும் வினைத்தொகை இது. திறந்த மூலம், திறக்கின்ற மூலம், திறக்கும் மூலம் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. ஆக்கியோர் எண்ணி ஆக்கினரோ இலரோ, சொல் நன்கு அமைந்துவிட்டது.

வலையே இத்தகைய விடுதலையால் வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்சு-லீ 1989ஆம் ஆண்டில் முன்மொழிந்த வலையின் மென்பொருளை, 1993 ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிறுவனம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவில் விட்டது. பின்னர் லினக்சு இயங்குதளம், அப்பாச்சி வழங்கி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பிஎச்பி மொழி என்னும் நான்கும் சேர்ந்து, தளம் கட்டுவோர்க்கு அடித்தளம் ஆயின. இவற்றுள் எதற்கும் உரிமக் கட்டணம் இல்லை. முதலீடில்லாத ஓர் இளைஞர் ஒரு கணினியையும் இணைய இணைப்பையும் கொண்டு தொழில் தொடங்க முடிந்தது இதனால்தான்.

கைவிடப்பட்ட நிரலின் மறுபிறப்பு

தனித்தொழில் செய்வோர் இன்று மிகுதியும் கையாளும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் தோன்றிய கதை, ஏடு தேடியோர் வரலாற்றை அறிந்தவர்க்கு அயலாகத் தோன்றாது. 2001ஆம் ஆண்டில் மிஷேல் வால்ட்ரிகி என்பவர் பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருளை எழுதி ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். பின் அதனைப் பேணுவதை நிறுத்திவிட்டார். அதனை நம்பித் தளம் நடத்தியோர் கவலையுற்றனர். 2003 சனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த பத்தொன்பது வயது மாணவர் மேட் முல்லன்வெக், இம்மென்பொருள் கைவிடப்பட்டுவிட்டது, ஆயினும் உரிமம் இடந்தருவதால் இதிலிருந்தே புதியதொன்றைத் தொடங்கலாம் என்று தம் பதிவில் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் தாமும் உடன்வருவதாக மறுமொழி தந்தார். அவ்வாண்டு மே 27ஆம் நாள் வேர்ட்பிரஸ் வெளியாயிற்று. இன்று உலக வலைத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதன்மீது இயங்குகின்றன.

ஈண்டு நின்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பி2 பூட்டிய மென்பொருளாக இருந்திருப்பின், ஆக்கியவர் விலகிய அன்றே அது இறந்திருக்கும். படியெடுக்கும் உரிமையே அதனைக் காத்தது. சுவடிகளும் அவ்வாறே காக்கப்பட்டன. ஓலையின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. படியெடுத்தோர் இருந்தமையால் சங்க நூல்கள் உ.வே. சாமிநாதையர் கைக்கும் சி.வை. தாமோதரம்பிள்ளை கைக்கும் வந்து சேர்ந்தன. படியெடுக்க மறுத்துப் பெட்டியில் பூட்டிவைத்த வீடுகளிலிருந்து வந்தவை மண்ணும் பொடியுமே.

'நிரலும் கவிதையே' என்பது வேர்ட்பிரஸ் குழுவினரின் முழக்கம். கவிஞர்கள் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் இந்தியச் சட்டம் ஏறத்தாழ இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிற்காலத் திருத்தங்களின்படி, கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகைக்குள் சேர்க்கிறது. அச்சட்டத்தின் கண்ணில் வெண்பாவும் நிரலும் ஓரினம்.

வாடிக்கையாளரும் கைவினைஞரும்

தனித்தொழிலரிடம் தளம் கேட்டு வருவோர் பலதிறத்தினர்: பள்ளி, துணிக்கடை, திருமண மண்டபம், விருத்தாசலம் போன்ற ஊரில் பீங்கான் பொருள் செய்யும் சிறுபட்டறை, அரிதாக ஓர் இலக்கிய அமைப்பு. பீங்கான் பட்டறையாருக்கு இத்தொழிலின் இயல்பை எளிதில் விளக்கலாம். பாரிஸ் சாந்தால் செய்த அச்சில் களிமண் குழம்பை வார்த்து, ஈரம் அச்சில் ஊறியபின் எடுத்துச் சூளையில் இடுவர். அச்சு ஒன்று; அதிலிருந்து பெறும் உருக்கள் பல. தளம் அமைப்பவரும் பொது அச்சு ஒன்றையே எடுத்துக்கொள்கிறார். வண்ணம், வரிசை, படங்கள், செருகுநிரல்கள் ஆகியவற்றைத் தம் உழைப்பால் சேர்க்கிறார். வாடிக்கையாளர் தரும் கூலி அவ்வுழைப்புக்கே, அச்சுக்கு அன்று. 'மென்பொருள் இலவசம் என்கிறீர், பின் எதற்குப் பணம்' என்று கேட்கும் வாடிக்கையாளர் எல்லா ஊரிலும் உளர். கட்டற்ற உரிமம் கூலி பெறுவதைத் தடுப்பதில்லை, விற்பதையும் தடுப்பதில்லை. பெற்றவர் கையைக் கட்டுவதை மட்டுமே தடுக்கிறது.

வாடிக்கையாளர்க்கு இதனால் விளையும் நன்மை பெரிது; அதனை அறிந்தவர் சிலரே. தளத்தை அமைத்தவர் நாளை வேலை தேடி வெளியூர் செல்லலாம், தொழிலையே விடலாம். தளம் திறமூல மென்பொருளில் இருப்பின், வேறொருவர் அதனைத் திறந்து பார்த்துப் பணியைத் தொடரலாம். அமைத்தவர் தாமே எழுதிய, விளக்கக் குறிப்பற்ற, பூட்டிய நிரலாயின் இடித்துப் புதிதாய்க் கட்டுவதே வழி.

எனினும் உரிமம் மட்டும் எல்லாவற்றையும் காப்பதில்லை. தமிழ் இலக்கியத் தளங்கள் பல மறைந்ததற்கு மென்பொருள் காரணமன்று. தளப்பெயர் அமைத்தவர் பெயரில் பதிவாகியிருக்கும். ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டிய நாளில் அவரது தொலைபேசி எண் மாறியிருக்கும். கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருக்கும். படியெடுத்து வேறிடத்தில் வைக்கும் வழக்கம் இராது. பெரிய நிறுவனங்களின் இலவச இடத்தை நம்பியோரும் தப்பவில்லை. உலகெங்கும் தனியாட்கள் தளம் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்னும் இடத்தை அதன் உரிமையாளரான யாஹூ நிறுவனம் 2009ஆம் ஆண்டில் மூடியது. இலவசத்துக்கும் விடுதலைக்கும் உள்ள வேறுபாட்டை அன்று பலர் கற்றனர்.

சட்டம் இவ்விடத்தில் வாடிக்கையாளர் எண்ணுவதற்கு மாறாக நிற்கிறது. சம்பளம் பெறும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை, மாறான உடன்பாடு இல்லாதவரை, முதலாளிக்கு உரியது. தனித்தொழிலர் ஊழியரல்லர். ஆகவே அவர் புதிதாக எழுதிய பகுதியின் முதல் உரிமையாளர் பொதுவாக அவரே. பணம் கொடுத்தமையால் மட்டும் அது வாடிக்கையாளர்க்கு மாறிவிடாது. மாற்றித் தருவதாயின் எழுத்தில் கையொப்பத்தோடு தரவேண்டும். காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிடின் இந்தியா என்றும் சட்டம் கொள்ளும். இவ்விதி கவிஞர் பதிப்பாளர்க்குத் தரும் உரிமைக்கும் பொருந்தும். நம் கவிஞருள் எத்துணைப் பேர் எழுத்தில் ஒப்பந்தம் செய்துள்ளனர் என்று கேட்டால், தளம் அமைப்போரைக் குறைகூற நா எழாது.

நூலகம் எரிந்த ஊரில்

திறமூலக் கருவியொன்று தமிழர் கையில் எப்பணிக்குப் பயன்பட்டது என்பதற்குத் தலையாய சான்று ஈழத்து 'நூலகம்' திட்டம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை அவற்றுள் இருந்தன. போரும் இடப்பெயர்வும் எஞ்சிய தனியார் தொகுப்புகளையும் சிதறடித்தன. 2005ஆம் ஆண்டில் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர் இருவர் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி இணையத்தில் வைக்கும் பணியைத் தொடங்கினர். பொருள்வளம் இல்லை, நிறுவனப் பின்னணியும் இல்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட மென்பொருள் மீடியாவிக்கி. விக்கிப்பீடியாவுக்கென 2002ஆம் ஆண்டில் எழுதப்பெற்று, ஜிபிஎல் உரிமத்தில் எவரும் எடுக்குமாறு விடப்பட்டது அது. கலைக்களஞ்சியம் எழுதச் செய்த கருவியை அவர்கள் நூற்பட்டியாக மாற்றிக்கொண்டனர். நூல்கள், இதழ்கள், மலர்கள், துண்டறிக்கைகள், சிற்றூர்ப் பள்ளிகளின் ஆண்டுமலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்கள் இன்று அதில் உள்ளன. ஈழத்து இலக்கியத்தை ஆராயும் தமிழக மாணவர் கடல்கடவாமலே அவற்றைப் படிக்க முடிகிறது. 1990களில் அம்மாணவர்க்கு இது கனவு.

அந்நூலகத்தின் நூல்கள் மின்வடிவில் ஒரே இடத்தில் மட்டும் இருக்குமாயின் 1981 மீண்டும் நேரலாம், தீயின்றியே நேரலாம். படிகள் பல இடங்களில் இருத்தலும், அவற்றைத் திறக்கும் கருவி எவர்க்கும் கிடைத்தலுமே காவல்.

தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளில் இயங்குவது. 2003 செப்டம்பரில் தொடங்கிய அதனை, அமீரகத்தில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய யாழ்ப்பாணத்தவர் இ. மயூரநாதன் அவ்வாண்டு நவம்பர் முதல் முன்னெடுத்தார். ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இன்று அதில் உள்ளன.

இம்மென்பொருள்களின் முகப்புகளைத் தமிழாக்கியோரும் தன்னார்வலரே. கோப்பு, உலாவி, கடவுச்சொல், செருகுநிரல், வழங்கி முதலிய சொற்கள் பல்கலைக்கழகக் கலைச்சொற் குழுக்களால் மட்டும் நிலைபெற்றவை அல்ல. நாள்தோறும் திரையில் கண்டு பழகியவர் வழக்கால் நிலைத்தவை. வேர்ட்பிரசில் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனி மொழிபெயர்ப்புகளாக நிற்கின்றன. ஒரு சொல்லுக்கு இருகரையிலும் இருவேறு வழக்கிருப்பது குற்றமன்று. ஆயினும் ஒரு கரையார் செய்த நல்லாக்கத்தை மறுகரையார் அறியாது மீண்டும் உழைப்பது வீண். தமிழாசிரியர்கள் இப்பணியிலிருந்து பெரிதும் விலகி நின்றனர். திரையில் தவறான சந்தியைக் கண்டால் நகைத்தனர். திருத்தும் உரிமை தமக்கும் உண்டென்பதை அறிந்திலர்.

நாட்டுடைமையும் கட்டற்ற உரிமமும்

கட்டற்ற உரிமத்தைத் தமிழர்க்கு விளக்க முற்படுவோர் பாரதியைத் துணைக்கழைப்பதுண்டு. பாரதியின் படைப்புரிமையை அன்றைய சென்னை மாநில அரசு 1949ஆம் ஆண்டில் பெற்று, 1955ஆம் ஆண்டில் மக்கள் உடைமையாக்கிற்று. உலக இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி அது. பின்னர் எழுத்தாளர் பலருடைய நூல்கள் நாட்டுடைமையாயின. அவற்றுள் மிகுதியானவை 2001ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின், இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின், தளத்தில் கிடைக்கின்றன.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. நாட்டுடைமையான நூலை எவரும் பதிப்பிக்கலாம். பதிப்பித்தவர் அதற்குச் சொல்லடைவும் குறிப்பும் சேர்த்து, அச்சேர்க்கையைத் தமதென்று பூட்டலாம். ஜிபிஎல் உரிமத்தில் சேர்க்கையும் பொதுவே. பெற்றவர் தம் திருத்தத்தைப் பிறர்க்கு வழங்கும்போது அதனையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நாட்டுடைமை ஒரு முறை திறந்த கதவு. இது மூடாதிருக்கக் கல்வைத்த கதவு. கல்லுக்கும் ஓர் இடைவெளி உண்டு. திருத்திய நிரலைக் கையளிக்காது தம் வழங்கியில் மட்டும் இயக்குவோர் மூலத்தைத் தர வேண்டியதில்லை. அவ்விடைவெளியை அடைக்க 2007ஆம் ஆண்டில் அஃபெரோ உரிமத்தின் புதிய வடிவம் வந்தது.

நூல்களுக்கும் இம்முறையை நீட்டியது படைப்பாக்கப் பொதுமம் எனப்படும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். 2012ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதுதற்கென்றே பிறந்தது. அதன் ஆசிரியர் த. சீனிவாசனும் நண்பரும் அடுத்த ஆண்டில் கட்டற்ற தமிழ் மின்னூல் தளத்தைத் தொடங்கினர். எழுத்தாளர் தாமே மனமுவந்து இவ்வுரிமத்தில் தரும் நூல்களை அது வெளியிடுகிறது. கணியத்தில் நித்யா எழுதிய மைஎஸ்கியூஎல் பற்றிய எளிய நூல், ஆங்கிலம் தடையாக நின்ற மாணவர் பலர்க்குத் தரவுத்தளத்தைத் தாய்மொழியில் கற்பித்தது. தளம் அமைக்கும் தொழிலைத் தமிழ்வழியாகவே கற்கக்கூடும் என்பதற்கு அந்நூல் கண்கண்ட சான்று. நா. கோவிந்தசாமியின் எழுத்துமுறையும் இவ்விதழும் ஒரே பழம்புலவர் பெயரை நினைவூட்டுவது தற்செயலாயினும் பொருத்தமே.

கொம்பின் இடம்

ஒருங்குறியில் தமிழுக்கு இடம் 1991ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் வகுத்த இஸ்கி முறையைத் தழுவி 128 இடங்கள் தரப்பட்டன. தேவநாகரிக்கு உரிய வரிசையைப் பின்பற்றியமையால் அவற்றுள் பல வெறுமையாகவே உள்ளன. உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. தமிழியல்புக்கு இது ஒவ்வாதென வாதிட்டோர் 'டேஸ்' என்னும் பதினாறு பிட்டு முறையை முன்வைத்தனர். 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு இரண்டையும் தரங்களாக அறிவித்தது. இலக்கண நோக்கில் பின்னதே சிறந்தது எனலாம். ஆயின் உலகக் கருவிகள் ஒருங்குறியையே அறியும். 2000ஆம் ஆண்டின் விண்டோசிலிருந்து லினக்சு வரை அனைத்தும் அதனை ஏற்றன. ரெட் ஹேட் நிறுவனம் வழங்கிய லோகித், பிரியா இரவிச்சந்திரன் வடித்த கட்டமரான், கேரளக் கட்டற்ற கணிமைக் குழுவினரிடமிருந்து வந்த மீரா இனிமை முதலிய எழுத்துருக்கள் இன்று எவரும் எடுக்குமாறு உள்ளன. எழுத்துருவுக்காக வாடிக்கையாளரிடம் தனித்தொகை கேட்கும் நிலை தளம் அமைப்போர்க்கு இன்று இல்லை.

அச்சுலகம் மட்டும் அவ்வளவு விரைந்து மாறவில்லை. விருத்தாசலம், திட்டக்குடி, மங்களூர் போன்ற ஊர்களின் எழுத்தாளர் கவிதைத் தொகுதிகள் எந்நகரத்துக் கணினி வடிவமைப்புக் கூடத்தில் உருவாயினும், பேஜ்மேக்கர் கோப்புகளாக, பழைய எழுத்துருக்களிலேயே பல ஆண்டுகள் உருவாயின. நூல் அச்சானதும் கோப்பு கூடத்தாரின் குறுவட்டில் உறங்கும். கவிஞர் கையில் எஞ்சுவது தாள்நூல் மட்டும். அக்கோப்பைத் தளத்தில் ஏற்ற வேண்டுமாயின் முதலில் எழுத்துருவின் அடுக்குமுறையைக் கண்டறிய வேண்டும். அதன்பின் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். செருமனியில் வாழ்ந்த சுரதா யாழ்வாணன் உருவாக்கிய 'பொங்குதமிழ்', நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றி முதலியவை இதற்கென எழுந்தவை.

மாற்றுதல் எழுத்துக்கு எழுத்து எண்ணை மாற்றும் பணியன்று. பழைய முறைகளில் 'கெ' என்பதைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே, கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னுமாக எழுதிவைத்தனர். ஒருங்குறி ஒலிக்கும் வரிசையைக் கொள்கிறது: ககரம் முன், எகரக் குறி பின். 'கொ' என்பதில் பழைய முறையின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாதல் வேண்டும். ஒளகாரத்தின் பின்னுறுப்பு ளகர உருவை ஒத்திருப்பதால், 'கௌ' எது, 'கெள' எது என்று மாற்றி அறியாது மயங்கும். 'கௌரி'யும் 'தெளிவு'ம் அவ்வாறு தடுமாறிய பக்கங்கள் இணையத்தில் இன்றும் உண்டு. பொறி மாற்றியபின் தமிழறிந்த ஒருவர் அச்சுநூலைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாய் ஒப்பிடுதல் வேண்டும். மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர் அதனைச் சங்க நூல்களுக்குச் செய்தனர்.